படுகளத்துத் துரியோதனன் ஏன் அவ்வளவு நீளம்? அரக்கர்களின் உயரம் பற்றி ஓர் எளிய விளக்கம்

வைகாசி வெயில். புதுச்சேரியை அடுத்த பாகூர் பக்கத்தில் ஒரு கிராமம், திரௌபதி அம்மன் கோயில் திடல். விடிய விடியப் பதினெட்டாம் போர்க் கூத்து நடந்து முடிந்து, ஊரே தூக்கக் கண்ணோடு படுகளத்துக்கு, அதாவது துரியோதனன் வீழும் சடங்குக்கு, கூடியிருந்தது. தரையில் மல்லாந்து கிடந்தார் துரியோதனன். மண்ணைக் குழைத்துச் செய்த உடம்பு, சுண்ணாம்பில் தீட்டிய கண், முறுக்கிவிட்ட மீசை, மார்பு முழுக்க மஞ்சளும் நீலமுமாக நகை. தலைமாட்டிலிருந்து கால்மாட்டுக்கு நடந்து பார்த்தேன். பதினாறு எட்டு. தொடை மட்டும் என் இடுப்பு உயரம். அந்தத் தொடைக்குள் குங்குமத் தண்ணீர் நிறைத்த பானையைப் புதைத்து வைத்திருந்தார்கள். பீமன் வேஷக்காரர் கதையால் அடிக்கும்போது அது உடைந்து வழிய வேண்டும். அதைத் தொட்டுத்தான் பாஞ்சாலி கூந்தல் முடிவாள்.

என் தம்பி மகளுக்கு ஏழு வயசு. "பெரியப்பா, துரியோதனன் நெஜமாவே இவ்ளோ பெருசா?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் நின்ற பெரியவர் முந்திக்கொண்டார்: "அந்தக் காலத்துல எல்லாரும் இந்த அளவுதாம்மா. கலியுகத்துல நாமதான் சுருங்கிப் போய்ட்டோம்." சொன்னதோடு நிற்காமல் போனை எடுத்து ஒரு படமும் காட்டினார். பள்ளத்தில் பிரம்மாண்டமான எலும்புக்கூடு, அதன் மண்டையோட்டருகே எறும்பு மாதிரி ஒரு ஆள். "கடோத்கஜன் எலும்பு. வடக்கே கெடச்சிது."

கோயில் வாசலில் வயதானவரோடு வாதம் செய்வது முறையில்லை. ஆனால் வண்டியில் வீடு திரும்பும் வழியெல்லாம் அவள் விடவில்லை. அவளுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

அரக்கர் பற்றிய பேச்சு நம்மிடம் இரண்டே கட்சியாக நடக்கிறது. ஒரு கட்சி 'நிஜமாகவே இருந்தார்கள்' என்கிறது. மறு கட்சி 'எல்லாம் புளுகு' என்கிறது. இரண்டு கட்சியும் ஒரு விஷயத்தில் ஒன்றுதான்: அரக்கன் என்றால் 'ரொம்ப உயரமான ஆள்' என்று இரண்டுமே எடுத்துக்கொள்கின்றன. சிக்கல் அங்கேதான் இருக்கிறது. புராணத்தில் வரும் உயரம், தையற்காரர் நாடா வைத்து எடுத்த அளவு கிடையாது.

முதலில் அந்தப் படத்தை முடித்துவிடுவோம்

2000ஆம் ஆண்டு, அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஹைட் பார்க் என்ற ஊரில் கார்னெல் பல்கலைக்கழகத்தினர் ஒரு மாஸ்டோடானைத் தோண்டி எடுத்தார்கள். மாஸ்டோடான் என்பது அழிந்துபோன, யானைக்குத் தூரத்துச் சொந்தமான மிருகம். அந்தத் தோண்டலின் புகைப்படத்தில் ஒரு மனித எலும்புக்கூட்டை ஒட்டவைத்து, 2002இல் இணையத்தில் நடந்த படவேலைப் போட்டிக்கு அனுப்பினார் கனடா நாட்டு ஓவியர் ஒருவர். அவர் யாரையும் ஏமாற்றப் பார்க்கவில்லை. போட்டியின் தலைப்பே அப்படி. படம் போட்டியை விட்டு வெளியேறி ஊர் சுற்றத் தொடங்கியதும், சவுதி பாலைவனத்தில் அது குர்ஆனில் வரும் ஆது கூட்டத்து மனிதனாக ஆனது. 2007இல் இந்தியப் பத்திரிகை ஒன்றில் கடோத்கஜனாக ஆனது. ஒரே எலும்புக்கூடு, இரண்டு மதத்துக்கும் சாட்சி சொன்னது. அந்த ஆண்டு டிசம்பரில் நேஷனல் ஜியாகிரஃபிக் உண்மையை விளக்கி எழுதியது. எழுதி என்ன பயன், படம் இன்னமும் பாகூர் வரை வந்துகொண்டிருக்கிறது.

மைசூர்பாகும் தொடையெலும்பும்

சரி, அந்தப் படம் பொய். ஆனால் அப்படி ஒரு ஆள் இருந்திருக்கவே முடியாது என்று எப்படிச் சொல்கிறோம்? அதற்கு எலும்பைத் தோண்டவே வேண்டாம், மைசூர்பாகு போதும்.

எல்லாப் பக்கமும் ஒரு அங்குலம் உள்ள ஒரு துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது எல்லாப் பக்கமும் இரண்டு அங்குலமாக ஒரு பெரிய துண்டு வெட்டுங்கள். இது அதைவிட எத்தனை மடங்கு பெரியது? இரண்டு என்று வாய் சொல்லும். தராசில் வைத்தால் எட்டு. பெரிய துண்டை வெட்டினால் எட்டு சின்னத் துண்டு வரும். ஆனால் அது தட்டில் உட்கார்ந்திருக்கும் அடிப்பரப்பு நான்கு மடங்குதான் ஆகியிருக்கும். எடை எட்டு, அதைத் தாங்கும் இடம் நான்கு. ஒவ்வொரு சதுர அங்குலமும் முன்பைவிட இரண்டு பங்கு சுமக்கிறது.

இதற்குப் பெயர் வர்க்க–கன விதி. வடிவம் மாறாமல் ஒரு பொருளைப் பெரிதாக்கினால் பரப்பு வர்க்கமாகவும் (2×2), எடை கனமாகவும் (2×2×2) ஏறும் என்பதே அதன் பொருள். கலிலியோ 1638இல் வெளியிட்ட நூலில் அரக்கர்களின் எலும்பையே உதாரணமாக வைத்து இதைப் பேசினார். பிறகு 1926இல் ஹால்டேன் என்ற உயிரியலாளர் எளிய கணக்காகப் போட்டுக் காட்டினார். (இந்த ஹால்டேன் கடைசியில் இந்தியக் குடிமகனாகி, 1964இல் புவனேஸ்வரத்தில் காலமானவர்.)

அதையே நம் கணக்கில் போடுவோம். ஐந்தரை அடி, 60 கிலோ ஆள் ஒருவர். அவரை அப்படியே பத்து மடங்கு ஆக்கினால் உயரம் 55 அடி. எடை பத்து மடங்கு இல்லை, பத்தைப் பத்தால் பெருக்கி மறுபடியும் பத்தால் பெருக்கினால் வரும் ஆயிரம் மடங்கு: 60,000 கிலோ, அதாவது 60 டன். தொடையெலும்பின் குறுக்குவெட்டுப் பரப்போ நூறு மடங்குதான். ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் எலும்பும் பத்துப் பங்கு பாரம் தாங்க வேண்டும். மனிதத் தொடையெலும்பு ஏறக்குறைய அந்தப் பாரத்தில் முறிந்துவிடும் என்றார் ஹால்டேன். பீமனின் கதாயுதம் வேண்டாம். எழுந்து ஒரு அடி வைத்தாலே தொடை போய்விடும்.

'யானை இல்லையா, டைனோசர் இல்லையா' என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். விதி சொல்வது, பெரிய மிருகம் கூடாது என்று அல்ல. பெரிதாக வேண்டுமானால் உருவத்தை மாற்றிக்கொள் என்றுதான். மணக்குள விநாயகர் கோயில் லட்சுமியின் தும்பிக்கையில் காசு வைத்த புதுச்சேரிக்காரர்களுக்கு அதன் காலும் நினைவிருக்கும்: தூண் மாதிரி, நேராக, மேலிருந்து கீழ்வரை ஒரே தடிமன். மான் காலைப் பெரிதாக்கி யானைக்கு மாட்ட முடியாது. யானையால் குதிக்கவும் முடியாது. நீலத் திமிங்கிலம் நூறு டன்னைத் தாண்டும், ஆனால் அதைத் தாங்குவது கடல். கரை ஒதுங்கினால் தன் பாரமே தன்னை அமுக்கிவிடும். தேவனாம்பட்டினத்து மீனவர் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்.

மனித உருவத்தில் எல்லை எங்கே என்பதற்கு ஒரு துயரமான சாட்சி உண்டு. அமெரிக்காவின் ராபர்ட் வாட்லோ, மருத்துவ ஆவணங்களில் இதுவரை பதிவான மனிதர்களில் மிக உயரமானவர்: 272 சென்டிமீட்டர், ஒன்பது அடிக்கு ஓர் அங்குலம் குறைவு. மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி ஓயாமல் வளர்ச்சிச் சுரப்பைச் சுரந்ததால் வந்த உயரம். நடக்கக் காலில் இரும்புப் பட்டை கட்ட வேண்டியிருந்தது. அந்தப் பட்டை உராய்ந்த கொப்புளம் சீழ் பிடித்து, 1940இல், 22 வயதில் இறந்தார்.

இதுவரை பார்த்தது: மனித வடிவம் மாறாமல் 55 அடி ஆள் நிற்க முடியாது. அது நம்பிக்கை சம்பந்தப்பட்டதல்ல, தராசு சம்பந்தப்பட்டது. அப்படியானால் உலகம் முழுக்க இந்தக் கதை எங்கிருந்து வந்தது?

வக்கிராசுரன் எலும்பு

ஒரு வழி, தரையிலிருந்து வந்தது. அதைப் பார்க்க வெளிநாடு போக வேண்டாம். புதுச்சேரியிலிருந்து பைக்கில் ஒரு மணி நேரம்.

திருவக்கரை என்றால் பௌர்ணமிக் கூட்டமும் வக்கிரகாளியும்தான் நம்மவர்களுக்கு நினைவு வரும். வக்கிராசுரனைத் திருமால் வதம் செய்தார், அவன் தங்கை துன்முகியைக் காளி அழித்தாள் என்பது தலபுராணம். கோயிலிலிருந்து சற்றுத் தள்ளி, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை 1940இல் ஏற்படுத்திய கல்மரப் பூங்கா இருக்கிறது. கோயிலுக்கு வருகிறவர்களில் பத்தில் ஒருவர்கூட அங்கே எட்டிப் பார்ப்பதில்லை என்பது என் வருத்தம்.

செம்மண் மேட்டில் துண்டு துண்டாக மரங்கள் கிடக்கும். தூரத்தில் இருந்து பார்த்தால் யாரோ வெட்டிப் போட்டுவிட்டு ஏற்றிப்போக மறந்த கட்டைகள். பக்கத்தில் போய்க் குனிந்தால் மரத்தின் நார் தெரியும், வளையம் தெரியும், கிளை முளைத்த கணு தெரியும். தொட்டால் சில்லென்று கல். நான் முதல் முறை போனபோது ஒரு துண்டு என்னை நிறுத்திவிட்டது: நடுவில் நீளமாக ஒரு தண்டு, முனையில் கணு பருத்துக் குமிழாக நின்றது. அசப்பில் முழங்கால் மூட்டேதான். கரடியோ மாடோ இவ்வளவு பெரிய மூட்டு வைத்திருக்க முடியாது. அந்த ஊரில் பிறந்து, வக்கிராசுரன் கதை கேட்டு வளர்ந்திருந்தால் எனக்கும் வேறு எதுவும் தோன்றியிருக்காது. இவை திருமால் கொன்ற அசுரர்களின் எலும்பு என்று ஊர்க்காரர்கள் சொல்லிவந்ததில் எனக்கு வியப்பே இல்லை.

மரம் கல்லான கதை இதுதான். இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளம் அடித்துவந்த மரங்கள் மணலுக்குள் புதைந்தன. வேரும் கிளையும் இல்லாமல் வெறும் தண்டாகக் கிடப்பதே அவை உருண்டு வந்தவை என்பதற்கு அடையாளம். மண்ணுக்குள் ஊறிய தண்ணீரில் சிலிக்கா கரைந்திருந்தது. சிலிக்கா என்றால் மணலும் கண்ணாடியும் எதனால் ஆனதோ அந்தப் பொருள். அது மரத்தின் ஒவ்வொரு நுண்ணறைக்குள்ளும் புகுந்து படிந்தது. தேனில் ஊறவைத்த நெல்லிக்காயை எண்ணிப் பாருங்கள்: உருவம் நெல்லிக்காய்தான், கோடுகூட மாறவில்லை, உள்ளே இருப்பது தேன். இப்படி உருவம் தங்கி உள்பொருள் மாறிய பழைய உயிரின் மிச்சத்துக்குப் புதைபடிவம் என்று பெயர். இந்த மணற்பாறைக்குப் புவியியலில் பெயரே 'கடலூர் மணற்பாறை'. நம் ஊர் பெயரில் ஒரு பாறை இருப்பதை கேப்பர் மலையில் குடியிருப்பவர்களே பலர் அறியமாட்டார்கள். 1781இல் சோனெரா என்ற பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர்தான் திருவக்கரைக் கல்மரங்களை ஐரோப்பாவுக்கு எழுதிக் காட்டியவர்.

ஐரோப்பியர்கள் மட்டும் இதில் புத்திசாலிகள் என்று எண்ண வேண்டாம். 1677இல் ஆக்ஸ்ஃபோர்டில் ராபர்ட் பிளாட் என்ற அறிஞர், கிடைத்த பெரிய தொடையெலும்பு நுனி ஒன்றை ஆராய்ந்து, யானையுடையது இல்லை, ஆகவே ராட்சத மனிதனுடையது என்று முடிவு கட்டினார். அது டைனோசர் எலும்பு. 1726இல் ஸ்விட்சர்லாந்தின் ஷாய்க்ட்ஸர், பிரளயத்தில் மூழ்கிய பாவியின் எலும்புக்கூடு என்று ஒன்றை உலகுக்கு அறிவித்தார். 1811இல் கூவியே என்ற அறிஞர் கல்லை மெல்லச் செதுக்கிப் பார்த்தார். உள்ளிருந்து வந்தது ஒரு பெரிய சாலமாண்டர், பல்லி உருவத்தில் இருக்கும் நீர்நில வாழ்வி.

கிரேக்கக் கதையின் ஒற்றைக்கண் அரக்கனுக்கும் இப்படி ஒரு விளக்கம் உண்டு. சிசிலித் தீவில் குள்ள யானைகள் வாழ்ந்து அழிந்தன. யானை மண்டையோட்டில் தும்பிக்கை பொருந்தும் பெரிய ஓட்டை நெற்றி நடுவே இருக்கும். யானையையே பார்க்காதவன் கண்ணுக்கு அது ஒற்றைக் கண்குழி. 1914இல் ஓதெனியோ ஆபெல் என்ற தொல்லுயிர் ஆய்வாளர் இதை முன்வைத்தார். நிரூபணம் இல்லை, அழகான ஊகம். ஆனால் மண்ணில் கிடைத்ததற்குக் கதை பொருத்தும் வழக்கம் ஊகமல்ல. அதற்குப் புவிப்புராணம் என்று சொல்லலாம். 1968இல் டோரதி விட்டலியானோ என்ற புவியியலாளர் கொடுத்த பெயரின் தமிழ் வடிவம் இது.

நம் பக்கத்துக் கல்திட்டைகள் இதில் ஒரு வேடிக்கை. பெருங்கற்காலத்தில் இறந்தவர்களுக்காகப் பலகைக் கற்களால் எழுப்பிய அறைகள் அவை. மூடுகல்லின் எடையைப் பார்த்த ஊர் 'பாண்டவர் வீடு' என்றது, பீமனைத் தவிர யார் தூக்குவார்? வாசல் ஓட்டையின் சிறுமையைப் பார்த்த ஊர் 'குள்ளர் வீடு' என்றது, இதற்குள் வேறு யார் நுழைவார்? ஒரே வகைக் கல்லறை, ஒரு ஊரில் அரக்கனையும் இன்னொரு ஊரில் சித்திரக்குள்ளனையும் பெற்றது. ஆதிச்சநல்லூரிலும் கீழடியை அடுத்த கொந்தகையிலும் தாழிகளில் கிடைத்த எலும்புகளோ, பஸ்ஸில் நம் பக்கத்தில் உட்காரும் ஆள் உயரம்தான்.

'அசுரன்' என்ற சொல்லில் உயரம் எங்கே?

தரையை விட்டுச் சொல்லுக்கு வருவோம். அசுரன், அரக்கன், பூதம் மூன்றையும் நாம் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம். சினிமாவில் பூதம் வந்தால் புகையாகக் கிளம்பிக் கூரையை முட்டும். கோயிலுக்குப் போய்ப் பாருங்கள். கூரை விளிம்புக்கு அடியில் ஓடும் பூதவரியில் இருக்கும் பூதங்கள் தொப்பையும் குட்டைக் காலுமாக, பல்லைக் காட்டிக்கொண்டு மத்தளம் கொட்டும். அத்தனையும் குள்ளம்.

அசுரன் கதை இன்னும் சுவையானது. ரிக் வேதத்தில் வருணனையே அசுரன் என்று அழைக்கும் இடங்கள் உண்டு. ஆண்டவன், வல்லமை உள்ளவன் என்ற பொருளில். பாரசீகத்தில் அதே சொல் அஹுரா ஆகி, பெருந்தெய்வத்தின் பெயரானது. நம் புராணத்தில் தேவர்களும் அசுரர்களும் காசியபருக்கு வெவ்வேறு மனைவிகளிடம் பிறந்தவர்கள், அதாவது பங்காளிகள். அது சொத்துத் தகராறு, உயரத் தகராறு இல்லை.

கிரேக்கத்திலும் இதே குழப்பம். அவர்களுடைய 'கிகாந்தெஸ்' என்ற கூட்டத்தின் பெயரிலிருந்துதான் ஐரோப்பிய மொழிகளில் ராட்சதனைக் குறிக்கும் சொல்லே பிறந்தது. ஆனால் அவர்கள் பூமித்தாயின் மக்கள் என்பதுதான் அங்கே முக்கியம். கி.மு. 6ஆம் நூற்றாண்டுப் பானை ஓவியங்களில் கேடயமும் ஈட்டியும் ஏந்திய சாதாரணப் போர்வீரர்களாக, எதிரே நிற்கும் தெய்வங்களின் உயரத்திலேயே இருக்கிறார்கள். கி.மு. 2ஆம் நூற்றாண்டுப் பெர்கமோன் பலிபீடத்தில் பலருக்குக் கால் பாம்பாகிறது. உயரம் அப்போதும் பெரிதாக ஏறவில்லை. வடஐரோப்பாவின் 'யோத்துன்' கூட்டமும் இப்படித்தான்: அந்தக் குலத்து ஸ்காதி தேவர் குலத்தில் வாழ்க்கைப்பட்டவள், தேவர் தலைவன் ஓதினின் தாயும் யோத்துன் குலப் பெண்ணே. இடும்பியைப் பீமன் மணந்த கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை.

சுருக்கமாக: இந்தச் சொற்கள் முதலில் குலத்தைச் சொன்னவை. எதிர்ப்பக்கத்து உறவுக்காரன், காட்டுக்காரன், மண்ணில் பிறந்தவன். உயரம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. ஒட்டவைத்ததில் பெரும் பங்கு ஓவியனுக்கும் சிற்பிக்கும்.

பேனர் விதி

நெல்லித்தோப்பு சிக்னலிலோ கடலூர் பஸ் ஸ்டாண்டிலோ நின்று எந்த அரசியல் பேனரையும் பாருங்கள். தலைவர் முழு உயரம். மாவட்டம் மார்பளவு. வட்டம் அதற்கும் சின்னது. அடியில் வரிசையாக, தபால்தலை அளவில், 'இவண்' தம்பிகள். அதைப் பார்த்து யாரும் தலைவர் 20 அடி, தம்பிகள் அரை அடி என்று எண்ணுவதில்லை. முக்கியம் கூடக் கூட உருவம் கூடும் என்ற விதியை நமக்கு யாரும் பாடமாக நடத்தவில்லை, கண் பழகியிருக்கிறது. கலைவரலாற்றில் இதற்குப் படிநிலை அளவு என்று பெயர்: தூரத்தையோ உண்மை உயரத்தையோ பார்க்காமல், தகுதிக்கேற்ப உருவத்தைப் பெரிதாகவோ சிறிதாகவோ வரைவது.

ஐயாயிரம் ஆண்டு பழமையான எகிப்தின் நார்மர் பலகையில் அரசன் மற்றவர்களைவிட ரொம்பப் பெரியவன். அபு சிம்பெலில் இரண்டாம் ராமசேஸின் அமர்ந்த சிலைகள் ஏறக்குறைய 20 மீட்டர். அவன் காலருகே நிற்கும் அரசிகள் முழங்காலைத்தான் எட்டுகிறார்கள். நம் கடற்கரைச் சாலையில் காந்தி 13 அடி. உயிரோடிருந்த காந்தி ஐந்தரை அடிக்கும் கொஞ்சம் குறைவு. ஆயிரம் ஆண்டு கழித்து எழுத்தெல்லாம் அழிந்து அந்தச் சிலை மட்டும் மிஞ்சினால், தடியூன்றிய ஒரு ராட்சதனைப் பற்றி அன்றைய பெரியவர் யாராவது ஒரு சிறுமியிடம் சொல்லிக்கொண்டிருப்பார்.

இங்கே எனக்கு நெடுநாள் ஒரு சந்தேகம் இருந்தது. முக்கியமானவர்தான் பெரியவர் என்றால், எதிரி ஏன் பெரிதாக வேண்டும்? விடை கடலூர் மாவட்டத்திலேயே கிடைத்தது. சிதம்பரத்தில் நடராஜர் காலடியில் கிடக்கும் முயலகன் ஓர் அசுரன். அளவில் குழந்தை. அவன் ஏற்கெனவே அடங்கிவிட்டவன். கூத்து நடக்கிறது, அவன் பீடம். மாமல்லபுரத்து மகிஷன் அப்படியில்லை. சிங்கத்தின் மேல் வரும் துர்க்கையைவிடப் பெரிய உடம்போடு, கதாயுதத்தைப் பிடித்தபடி, பின்னால் ஒரு சாய்வு சாய்கிறான். அங்கே போர் இன்னும் முடியவில்லை. அடங்கியவனைச் சின்னதாகவும், இன்னும் அடங்காதவனைப் பெரிதாகவும் செதுக்கியிருக்கிறார்கள். அசுரனின் அளவு அவன் உடம்பைச் சொல்லவில்லை. கதை எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதைச் சொல்கிறது.

இந்தக் கண்ணோடு பார்த்தால் திருக்கோவிலூர் உலகளந்த பெருமாளும் வேறு மாதிரி தெரிவார். மூன்றடி மண் கேட்டு வந்தவன் குள்ளன். தாரை வார்த்த மறுகணம் வானத்தை அளப்பவனும் அவனே. ஆள் மாறவில்லை, கொடுத்தவனுக்கும் வாங்கியவனுக்கும் நடுவே இருந்த நிலவரம் மாறியது. தெருக்கூத்துக்காரர்கள் இதை மேடையில்லாமலே செய்கிறார்கள். கல்யாண முருங்கை மரத்தில் செய்த கிரீடமும் புஜக்கீர்த்தியும் மார்ப்பதக்கமும் கட்டி, இடுப்பில் விரிந்த பாவாடையோடு திரை விலக்கி வரும்போது, பகலில் டீக்கடையில் பார்த்த ஒல்லியான ஆள் மூன்று ஆள் அகலத்தில் நிற்பார். உயரத்தைக் கூட்ட முடியாதபோது அகலத்தைக் கூட்டுகிற கெட்டிக்காரத்தனம்.

பிரான்சில் சொந்தம் இருக்கிற புதுச்சேரிக் குடும்பங்கள் யாராவது வடக்கே துவே நகரத்துக்கு ஜூலையில் போனால், கயான் என்ற ராட்சதன் மனைவி மக்களோடு தெருவில் வருவதைப் பார்க்கலாம். பிரம்பில் கட்டிய உடம்பு, உள்ளே ஆட்கள் புகுந்து தூக்கி ஆட்டிக்கொண்டு நடப்பார்கள். பெல்ஜியத்திலும் பிரான்சிலும் நடக்கும் இந்த ராட்சதர் ஊர்வலங்களை 2005இல் யுனெஸ்கோ மனிதகுலப் பாரம்பரியம் என்று அறிவித்தது. அங்கே ராட்சதன் எதிரி இல்லை, ஊரின் காவல்காரன். நம் ஊர் எல்லை முனீஸ்வரன் மாதிரி.

முழம் போடும் உடம்பு

பூக்காரம்மா முழம் போடும்போது கையைச் சுருக்குகிறாரா என்று பார்ப்போம் அல்லவா? உடம்புதான் மனிதனின் முதல் அளவுகோல்: விரல், சாண், முழம், அடி. அளக்க முடியாத ஒன்றை அளக்க வேண்டி வந்தாலும் மனிதன் உடம்பையே எடுத்தான். உலகம் எவ்வளவு பெரியது? ஒரு உடம்பு அளவு, ஆனால் மிகப் பெரிய உடம்பு. ரிக் வேதப் புருஷனின் மனத்திலிருந்து நிலவும் கண்ணிலிருந்து சூரியனும் வந்தன. வடஐரோப்பாவின் யிமிர் கொல்லப்பட்டபோது அவன் ரத்தம் கடல், எலும்பு மலை, மண்டையோடு வானம். சீனத்தின் பான்கு இறந்தபோது மூச்சு காற்றானது, கண்கள் சூரிய சந்திரர். ஒருவரைப் பார்த்து ஒருவர் காப்பியடிக்க வேண்டியதில்லை. எல்லோருக்கும் உடம்பு இருக்கிறது, எல்லோரும் அதை வைத்தே அளக்கிறார்கள்.

அளவு சொல்லியே தீருவேன் என்று கதை பிடிவாதம் பிடித்தால் எண் வளரும். தாவீது வீழ்த்திய கோலியாத், நம் தமிழ் பைபிளிலும் ஆறு முழம் ஒரு சாண்; ஒன்பதே முக்கால் அடி வரும். ஆனால் சாக்கடல் அருகே குகையில் கிடைத்த பழைய சுருளிலும், பழைய கிரேக்க மொழிபெயர்ப்பிலும் நாலு முழம் ஒரு சாண்தான், ஆறே முக்கால் அடி. பின்னால் வந்த பிரதியில் அவன் மூன்றடி வளர்ந்துவிட்டான். கும்பகர்ணனைப் பாட வந்த கம்பர் இதில் கெட்டிக்காரர். அடிக்கணக்கே சொல்லவில்லை. ஒரு தோளில் தொடங்கி மறு தோள் வரை பார்த்து முடிக்கவே பல நாள் ஆகும்போல இருக்கிறதே, இது கால் முளைத்த மலையா என்று ராமனையே வீடணனிடம் கேட்கவைத்தார்.

படுகளத்துப் பெரியவர் சொன்னதும் இந்த வகைதான், அதை அறியாமை என்று நான் தள்ளமாட்டேன். 'அன்று பெரியவர்கள், இன்று சுருங்கினோம்' என்பது ஒரு காலக் கணக்கு. சமணம் அதை எண் போட்டே வைத்திருக்கிறது: முதல் தீர்த்தங்கரர் ரிஷபர் ஐந்நூறு வில் உயரம், அடுத்தடுத்து வந்தவர்கள் குறைந்து குறைந்து, கடைசி மகாவீரர் ஏழு முழம். அங்கே உயரம் ஒரு கடிகாரம். எவ்வளவு காலத்துக்கு முந்தியவர் என்பதை உடம்பில் காட்டுகிறது. சமணத்தின் உலக அமைப்பைச் சொல்லும் லோகவிபாகம் என்ற நூல் 458இல் எழுதப்பட்டதே பாடலிகாவில், இன்றைய திருப்பாதிரிப்புலியூரில். பெரியவரின் பேச்சுக்கு நம் மண்ணிலேயே அவ்வளவு பழைய வேர் இருக்கிறது. அதற்குக் கிராஃபிக்ஸ் எலும்புக்கூடு சாட்சி வேண்டியதில்லை.

மறுபடியும் திடலுக்கு

தம்பி மகளுக்கு மைசூர்பாகு புரிந்தது (இரண்டு துண்டு தின்றுதான் புரிந்தது). காந்தி சிலையும் புரிந்தது. ஆனால் ஒன்று இடித்தது: "அப்போ துரியோதனன் செத்துட்டான்ல? தோத்தவன் சின்னதாத்தானே இருக்கணும்?"

நல்ல கேள்வி, முயலகனை வைத்தே என்னை மடக்கிவிட்டாள். நான் சொன்னது: மண்ணில் படுத்திருந்தபோது அவன் இன்னும் தோற்கவில்லை. பானை உடைகிற வரைக்கும் போர் நடக்கிறது. ஊரே சுற்றி நின்று பார்க்க வேண்டும், பதினெட்டு நாள் போர் ஒரு தொடைக்குள் அடங்க வேண்டும், அதற்கு ஐந்தரை அடி போதாது. அடித்த பிறகு என்ன ஆனான் என்று நீயே பார்த்தாய்.

அவள் பார்த்தாள்தான். பானை உடைந்து குங்குமத் தண்ணீர் வழிந்ததும் பெண்கள் ஓடிவந்து ஆளுக்கு ஒரு பிடி மண் அள்ளினார்கள். வீட்டில் வைத்தால் நெல் குறையாது என்று நம்பிக்கை. அவளும் ஒரு பிடி பாலித்தீன் பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். மறுநாள் காலை ஒரு வேலையாக நான் அந்த வழியே போனேன். தொடை இருந்த இடம் வெறும் குழி. முகம் வெயிலில் வெடித்து மீசை இரண்டாகப் பிளந்திருந்தது. மார்பின் மேல் இரண்டு ஆடுகள் ஏறிப் படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தன.